வலது காலோடு ஆயிரத்து எழுநூறு மைல்: சான் ஹோசேயிலிருந்து டாலஸ் வரை

பே ஏரியாவிலிருந்து டெக்சாஸுக்கு வீடு மாற்றுகிறோம், காரிலேயே போய்விடலாமா என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். போகலாம். நாங்கள் போனோம். 2000-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை 5.40 மணிக்கு சான் ஹோசேயில் கிளம்பி, வியாழக்கிழமை சாயங்காலம் டாலஸை ஒட்டியுள்ள பிளானோ போய்ச் சேர்ந்தோம். மொத்தம் 1,712 மைல். அப்போது எழுதி வைத்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். விலையெல்லாம் அந்த வருடத்து விலை. அதை நம்பி பட்ஜெட் போட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

வழியைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அந்தப் பயணத்தை நினைத்தால் இன்னமும் எனக்கு வயிறு எரிகிறது. ரோட்டில் ஒரு குறையும் இல்லை, போய்ச் சேர்ந்த இடத்தில்தான் எல்லாம். அதையும் சேர்த்தே எழுதுகிறேன். ரோடு மட்டும் போதும் என்பவர்கள் மைல் கணக்கு வருகிற பத்திகளைப் படித்துக்கொள்ளுங்கள்.

கிளம்பியதற்குக் காரணம் இரண்டு. என் கணவர் ராயப்பனுக்கு டாலஸ் பக்கத்து இர்விங்கில் வேலை மாறியிருந்தது, அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும். கான்ட்ராக்ட் கம்பெனிக்காரர்கள் சாமான் ஏற்ற லாரியெல்லாம் தர மாட்டார்கள். இரண்டாவது காரணம் என்னுடையது. அதே வாரம் வெள்ளிக்கிழமை டாலஸில் ஒரு ஆராய்ச்சி மாநாடு. நான் இரண்டு வருடம் உழைத்த வேலையை எங்கள் லேப் அங்கே மேடையில் சொல்லப்போகிறது. என் பெயர் அதில் இருக்கும் என்று புரொபசர் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். நான் எச்-4 விசாவில் வந்தவள். அதாவது கணவரோடு இருக்கலாம், சமைக்கலாம், கார் ஓட்டலாம். சம்பளம் மட்டும் வாங்கக் கூடாது. ஊரில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்துவிட்டு அபார்ட்மென்டில் பகல் முழுக்க டிவி பார்த்துப் பைத்தியம் பிடிக்காத குறை. அப்போதுதான் ஒரு பல்கலைக்கழகத்தில் மனிதத் தசைகளைப் படமெடுத்து, அவை எப்படி இழுக்கின்றன என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் குழுவுக்குச் சும்மா வேலை செய்ய ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டேன். போய்ச் சேர்ந்தேன். நம் நாட்டுப் பெண்கள் அப்போது நிறையப் பேர் இப்படித்தான் லேப் லேப்பாகச் சம்பளமில்லாமல் உட்கார்ந்திருந்தோம்.

வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்குகிறோம் இல்லையா, அதுபோல எம்ஆர்ஐ எந்திரம் தொடையைக் கத்தி படாமல் வில்லைகளாகப் படம் எடுத்துக் கொடுக்கும். ஒவ்வொரு படத்திலும் இரண்டு தொடையும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். ஒவ்வொரு தசையின் ஓரத்தையும் மவுஸால் சுற்றிக் கோடு போடுவது என் வேலை. தொண்ணூறு படம், இரண்டு கால், ஒரு காலுக்குப் பத்துப் பன்னிரண்டு தசை. ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று கண் பிதுங்கும். நான் போட்ட கோடுகளை அடுக்கி முழுத் தசையாக்கி, அது எவ்வளவு இழுக்கும் என்று கணக்கிடுவது கெவின் என்ற மாணவனின் வேலை. மெக்கானிக்கல் என்ஜினியரிங் பையன், நல்லவன்.

அந்தத் தொடைகள் யாருடையவை தெரியுமா? என் வீட்டுக்காரருடையவை. குழுவுக்கு ஒரு கால் நன்றாகவும் ஒரு கால் மெலிந்தும் உள்ள ஆள் தேவைப்பட்டது. ராயப்பன் தூத்துக்குடியில் கல்லூரியில் படிக்கும்போது டவுன் பஸ் படிக்கட்டிலிருந்து விழுந்து வலது தொடை எலும்பை முறித்துக்கொண்டவர். மாவுக்கட்டோடு மூன்று மாதம் கிடந்ததில் வலது தொடை சூம்பிவிட்டது. கம்பி எதுவும் வைக்காததால் எம்ஆர்ஐக்குள்ளும் போகலாம். நானே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். புரொபசருக்கு அன்றைக்கு வாயெல்லாம் பல்.

படம் எடுத்த அன்று, எந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் மார்த்தா என்ற அம்மாள் ஒரு மீன் எண்ணெய் மாத்திரையை எடுத்து அவருடைய வலது தொடையின் வெளிப்பக்கம் டேப் போட்டு ஒட்டினார். எண்ணெய் படத்தில் பளிச்சென்று வெள்ளைப் பொட்டாகத் தெரியும், பொட்டு இருக்கிற பக்கம் வலது. படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான். ஏனென்றால் டாக்டர்கள் படுத்திருப்பவரின் பாதத்தருகே நின்று பார்ப்பதுபோலப் படத்தை வைத்துக்கொள்வார்கள். அதனால் வலது கால் படத்தில் இடது பக்கம் வரும். "மீனே இல்லாம எனக்கு ஒரு காரியமும் நடக்காதுல்லா" என்று எந்திரத்துக்குள் போகும்போதுகூட ராயப்பன் சிரித்துக்கொண்டே போனார். அந்த மாத்திரையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் புரொபசர் என்னை அழைத்து, கட்டுரையில் உன் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று கேட்டார். பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் கணவர் பெயரை ஒட்டியிருந்தார்கள். நான் ஒரு மஞ்சள் தாளில், என் டிகிரி சான்றிதழில் உள்ளபடி 'ஜெசிந்தா மிக்கேல்' என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தாக எழுதிக் கொடுத்தேன். மிக்கேல் என் அப்பா. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். டெக்சாஸில் இதே துறையில் இருக்கும் ஒரு பேராசிரியரும் மாநாட்டுக்கு வருகிறார், அவரிடம் உன்னை அறிமுகம் செய்துவைக்கிறேன், பிஎச்.டி.க்கு எடுத்துக்கொள்வார் என்றும் சொன்னார். பிஎச்.டி. கிடைத்தால் எனக்கென்று மாணவர் விசா, எனக்கென்று ஒரு உதவித்தொகை. எனக்கு அந்தப் பயணத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

சரி, ரோடு. எங்களுடையது பதினோரு வருடப் பழைய ஜப்பான் கார், வேகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் க்ரூஸ் கன்ட்ரோல் கிடையாது. முதல் நாள் 101-ஆம் எண் நெடுஞ்சாலையில் கில்ராய் வரை போய், 152-இல் மலை ஏறி இறங்கி, ஐ-5 பிடித்துத் தெற்கே. கில்ராயில் பூண்டு வாசம் காருக்குள்ளேயே வரும். அதற்கப்புறம் மாட்டுப் பண்ணை நாற்றம் ஒன்று வரும், ஐந்து நிமிடத்துக்குக் கண்ணாடியை இறக்காதீர்கள். பட்டன்வில்லோ என்ற இடத்தில் 58-க்குத் திரும்பி பேக்கர்ஸ்ஃபீல்ட், மலை ஏறி பார்ஸ்டோ, அங்கிருந்து ஐ-40. இதிலிருந்து அமரில்லோ வரைக்கும் அதே ஐ-40தான், வழி தவற வாய்ப்பே இல்லை. பார்ஸ்டோவில் பெட்ரோல் முழுக்கப் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த 145 மைலுக்குப் பாலைவனம்தான்.

நீடில்ஸில் பிற்பகல் மூன்றரைக்கு இறங்கினபோது வெயில் அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. தண்ணீர் பாட்டில் வாங்கப் போன கடையில் இருந்த அம்மாள் எங்கள் காரைப் பார்த்துவிட்டு, ஏசியை அணைத்துவிட்டு மலை ஏறுங்கள், இல்லாவிட்டால் ரேடியேட்டர் கொதித்துவிடும் என்றார். கேட்டோம், அதனால்தான் பிழைத்தோம். 584 மைல் ஓட்டி 5.25க்கு அரிசோனாவில் கிங்மேன். மோட்டல் 36 டாலர், வரி தனி. நடத்துகிறவர் ஒரு குஜராத்திக்காரர். எங்கள் முகத்தைப் பார்த்ததும் கேட்காமலேயே மாடியில் சத்தமில்லாத அறை கொடுத்தார்.

அறைக்குள் போனதும் ராயப்பன் கட்டிலில் விழுந்துவிட்டார்.

"ஏட்டி, வலது காலு மரத்துப் போச்சு. ஆக்சிலேட்டர மிதிச்சு மிதிச்சு, காலு இருக்கா இல்லியான்னே தெரியல."

"நான் ஓட்டுதேன்னு சொன்னேம்லா? கேட்டீங்களா?"

"மலையில நீ ஓட்டினா எனக்கு ஹார்ட்டு நின்னுபோகும்."

திட்டிக்கொண்டே தைலம் தேய்த்துவிட்டேன். இரண்டு தொடையையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். வலது பக்கம் முழங்காலுக்கு மேலே உள்பக்கத்துத் தசை அப்படியே வற்றிப்போயிருக்கும். அந்தத் தசையைத் தொண்ணூறு படத்தில் கோடு போட்டவள் நான். உலகத்தில் எந்தப் பெண்டாட்டிக்கும் புருஷனுடைய காலை உள்ளும் புறமும் இந்த அளவுக்குத் தெரிந்திருக்காது.

இரண்டாம் நாள் காலை 7.10க்குக் கிளம்பி ஃப்ளாக்ஸ்டாஃப் வழியாக அல்புகர்க்கி, 473 மைல். கோடையில் அரிசோனா நேரமும் கலிபோர்னியா நேரமும் ஒன்று. நியூ மெக்சிகோவுக்குள் நுழைந்ததும் ஒரு மணி நேரம் போய்விடும், டெக்சாஸ் எல்லையில் இன்னொரு மணி. கணக்குப் போடாமல் போனால் இருட்டில் மாட்டிக்கொள்வீர்கள். அன்றைக்கு ரோடு நேராகக் கிடந்ததால் பாதி தூரம் நான் ஓட்டினேன். எலுமிச்சைச் சோறும் அவித்த முட்டையும் கொண்டு போயிருந்தோம், ஒரு ஓய்விடத்தில் மேசை மேல் பரப்பிச் சாப்பிட்டோம்.

ஓட்டாத நேரமெல்லாம் ஒத்திகை. ராயப்பன்தான் டெக்சாஸ் பேராசிரியர். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே கனத்த குரலில், உன்னை நான் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்பார். நான் 'ஐ ஆம் ஜெசிந்தா மிக்கேல்' என்று தொடங்கி மூன்று நிமிடம் மூச்சுவிடாமல் சொல்வேன்.

"நல்லாத்தான் சொல்லுத. ஆனா இவ்ளோ பயந்து பயந்து சொன்னா எவன் எடுப்பான்? கொஞ்சம் திமிரா சொல்லு, என்ட்ட பேசுவல்லா, அந்த மாதிரி."

நான்கைந்து தடவை திமிராகச் சொல்லிப் பார்த்தேன். வின்ஸ்லோ தாண்டி ஒரு லாரிக்காரர் பக்கத்தில் வந்தபோது, நான் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதைப் பார்த்துச் சண்டை என்று நினைத்தாரோ என்னவோ, ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள்தான் நீளம், 655 மைல். அல்புகர்க்கியில் காலை ஆறுக்குக் கிளம்பினோம். அமரில்லோவில் பெட்ரோல் கேலன் 1.49, சான் ஹோசேயில் 1.75 கொடுத்துவிட்டு வந்தவர்களுக்கு அது ஒரு சந்தோஷம். அங்கிருந்து 287-இல் தென்கிழக்கே இறங்க வேண்டும். சின்னச் சின்ன ஊர்களாக வரும், ஒவ்வொரு ஊரிலும் வேகம் எழுபதிலிருந்து முப்பத்தைந்துக்கு இறங்கும். போலீஸ் அங்கேதான் காத்திருக்கும், ஜாக்கிரதை. இரவு ஆவதற்கு முன்னால் 7.40க்கு பிளானோ. மூன்று நாளுக்கும் பெட்ரோல் செலவு 97 டாலர்.

பிளானோவில் தங்கினது மேரி ஆன்டி வீட்டில். நாகர்கோவில்காரர், ஆஸ்பத்திரியில் நர்ஸ், ராயப்பனுடைய நண்பனின் அக்கா. வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஏன்ப்பா, இவ்வளவு தூரம் டிரைவ் பண்ணியா வந்தீங்க? ஃப்ளைட் புக் பண்ணிட்டு, காரை டிரக்ல ஷிப் பண்ணியிருக்கலாம்ல?"

"ஷிப் பண்ற காசுக்கு இந்தக் காரையே இன்னொண்ணு வாங்கலாம் ஆன்டி" என்றார் ராயப்பன்.

ஆன்டியின் பத்து வயது மகள் ஷரோன் நாங்கள் பேசியதையெல்லாம் புரிந்துகொண்டு ஆங்கிலத்திலேயே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். அங்கிள் காலைக் கம்ப்யூட்டருக்குள் வைத்திருக்கிறார்களா என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம். என் பெயர் திரையில் வரும்போது ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வா என்று தன் சின்ன கேமராவைக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை. எட்டரைக்கே கிளம்பி டோல்வே என்ற கட்டணச் சாலை வழியாக டவுன்டவுன் போனோம். சில்லறையைக் கூடையில் எறிந்தால்தான் கம்பு தூக்கும், டாலர் நோட்டை வைத்துக்கொண்டு விழிக்காதீர்கள். பார்க்கிங் ஒன்பது டாலர். மாநாடு ஒரு பெரிய ஓட்டலின் இரண்டாவது மாடியில். நான் பட்டுப்புடவை கட்டலாமா என்று யோசித்து, கடைசியில் ஒரு நீலச் சுடிதாரில் போனேன். வாசலில் கெவின் இரண்டு அனுமதி அட்டைகளோடு காத்திருந்தான். ராயப்பனைப் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற நாலைந்து பேரிடம் இவர்தான் அந்தக் கால் என்று அறிமுகப்படுத்தினான். எல்லோரும் ஒரு முறை குனிந்து அவர் பேன்ட்டைப் பார்த்தார்கள். என்னை ராயின் மனைவி என்றான், ராயப்பன் அவன் வாயில் ராய்.

10.20க்குப் புரொபசர் மேடை ஏறினார். முதல் திரையில் தலைப்பு. அதன் கீழே நாலு பெயர். புரொபசர், கெவின், இன்னும் இரண்டு பேர். நான் கேமராவை எடுத்துக் கையில் வைத்திருந்தேன். நாலையும் இரண்டு தடவை படித்தேன். அடுத்த திரை வந்துவிட்டது. ராயப்பன் என் முழங்கையைத் தொட்டார், நான் திரும்பவில்லை. அழுகை வந்துவிடும் என்று பயம். கடைசியில் நன்றி சொல்லும்போது சொல்வார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அப்போதும் அந்த அளவுக்குத்தான் மூளை ஓடியது.

அப்புறம் கால் வந்தது. திரை நிறைய, சிவப்புச் சிவப்பாகத் தசைகளோடு இரண்டு தொடைகள் மெதுவாகச் சுற்றின. நான் போட்ட கோடுகள் எல்லாம் உயிர் வந்து நின்றன. கோபத்தையும் மறந்து ஒரு நிமிடம் வாயைப் பிளந்து பார்த்தேன். புரொபசர் கண்டுபிடிப்பைச் சொன்னார். மெலிந்த கால் அளவில் சின்னது. ஆனால் நாற்காலியில் உட்காரவைத்து உதைக்கச் சொல்லி அளந்து பார்த்தால் அதுதான் அதிக பலத்தோடு உதைக்கிறது! வற்றிய தசை தன் குறையை ஈடுகட்ட இன்னும் மூர்க்கமாக இழுக்கக் கற்றுக்கொள்கிறது, இது இதுவரை யாருக்கும் தெரியாதது என்றார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. திரையில், மெலிந்த தொடையின் கீழே 'இடது' என்று எழுதியிருந்தது.

ராயப்பன் என் காதருகே குனிந்தார்.

"ஏட்டி, எனக்கு வலது காலுல்லா சூம்பிப்போயிருக்கு?"

"சும்மா இருங்க."

"மூணு நாளா தைலம் தேய்ச்சியே, மறந்துட்டா? என் இடது காலு நல்லாத்தான இருக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கோடு போட்டுச் சேமிக்கும்போது, படத்தில் இடப்பக்கம் தெரிகிற காலுக்கு ஒன்று, வலப்பக்கம் தெரிகிறதற்கு இரண்டு என்று எண் கொடுத்திருந்தேன். ஒன்று என்பது வலது கால் என்று எனக்குத் தெரியும், மாத்திரைப் பொட்டு அங்கேதான் இருந்தது. கெவினுக்கு மாத்திரையும் தெரியாது, மண்ணும் தெரியாது. என்ஜினியர் பையன், படத்தில் இடப்பக்கம் இருப்பதை இடது கால் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறான். தோலுக்கு வெளியே இருந்த வெள்ளைப் பொட்டைப் படத்தில் விழுந்த அழுக்கு என்று துடைத்துவிட்டிருக்கிறான். ஆனால் உதைத்து அளந்தபோது சரியாக இடது இடதுதான், வலது வலதுதான். இரண்டையும் சேர்த்ததும், பலமான இடது காலின் உதை மெலிந்த காலின் கணக்கில் ஏறிவிட்டது. கண்டுபிடிப்பும் கிடையாது, ஒன்றும் கிடையாது. கால் மாறிப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

கெவினிடம் நான் மாத்திரையைப் பற்றிச் சொன்னேனா? சொன்ன ஞாபகம் இருக்கிறது. சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்று கேட்டால் இன்றைக்கும் சத்தியம் பண்ண மாட்டேன். லேப்பில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், இதையெல்லாம் ஒரு சும்மா வேலைக்காரி போய்ச் சொல்லித்தர வேண்டுமா என்று இருந்திருப்பேன்.

பேச்சு முடிந்தது. நன்றித் திரையில் 'எங்கள் தன்னார்வலர்களுக்கு' என்று ஒரு வரி. கேள்வி கேட்க நடைபாதையில் மைக் வைத்திருந்தார்கள். இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். நான் எழுந்தேன். நாலு எட்டு வைத்தால் மைக். முன்வரிசையில் டெக்சாஸ் பேராசிரியர் உட்கார்ந்திருந்தார், அட்டையில் பெயர் தெரிந்தது. இத்தனை பேர் முன்னால் புரொபசர் முகத்தில் கரியைப் பூசிவிட்டு, அப்புறம் அவரே என்னை அறிமுகம் செய்துவைப்பாரா? உட்கார்ந்துவிட்டேன். நல்ல குணத்தால் உட்காரவில்லை. எனக்கு அந்த பிஎச்.டி. சீட்டு வேண்டியிருந்தது.

கூட்டம் கலைந்ததும் திரைக்குப் பக்கத்தில் அவரைத் தனியாகப் பிடித்துச் சொன்னேன். மாத்திரை, பொட்டு, ஒன்று, இரண்டு எல்லாம். ராயப்பன் பேன்ட்டைச் சுருட்டிக் காட்டக்கூடத் தயாராக நின்றார். புரொபசருக்கு முகம் வெளிறிவிட்டது. முதலில் கேட்ட கேள்வி: இதை வேறு யாரிடமாவது சொன்னாயா?

இல்லை என்றேன். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நீ செய்தது மிகப் பெரிய உதவி, கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது, ஆனாலும் பார்த்துச் சரிசெய்துவிடுவோம், பன்னிரண்டரைக்கு எஸ்கலேட்டர் பக்கம் நில்லுங்கள், சாப்பாட்டுக்கு அந்தப் பேராசிரியரையும் அழைத்து வருகிறேன் என்றார். பெயர் ஏன் இல்லை என்று கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் போய்விட்டார்.

பன்னிரண்டரை ஆனது. ஒன்று ஆனது. எஸ்கலேட்டரில் ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றோம். ராயப்பனுக்குக் கால் கடுத்து, பூந்தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். 2.10 வரை நின்றேன். அப்புறம் ரெஸ்ட்ரூம் தேடிப் போனபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெஸ்டாரன்டில் பார்த்தேன். புரொபசர், கெவின், டெக்சாஸ் பேராசிரியர். காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். புரொபசர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, தட்டைப் பார்த்தார்.

உள்ளே போய் நின்றிருக்கலாம். 'ஐ ஆம் ஜெசிந்தா மிக்கேல்' என்று திமிராகச் சொல்லியிருக்கலாம், பாலைவனம் முழுக்க அதைத்தானே பழகினேன்? திரும்பி வந்து ராயப்பனைக் கூட்டிக்கொண்டு பார்க்கிங்குக்கு நடந்தேன். காரில் ஏறியதும் ராயப்பன் சொன்னார்.

"மைக்குல சொல்லியிருக்கணும்ட்டி."

"இப்ப சொல்லுங்க! அப்ப எங்க போனீங்க? உங்க காலுதான, நீங்க போய்ச் சொல்லியிருக்கலாம்லா?"

பிளானோ வந்து சேர்ந்தோம். வீட்டில் ஷரோன் கேமராவுக்காக ஓடி வந்தாள். படம் எடுக்கவில்லை என்றதும் ஏன் என்று கேட்டாள். மேரி ஆன்டி தடுத்தும் விடவில்லை, முழுக்கச் சொல்லவைத்தாள். கேட்டு முடித்துவிட்டு, "டிட் தே ஸே சாரி?" என்றாள். சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை இர்விங்கில் ஒரு படுக்கையறை அபார்ட்மென்டுக்குக் குடிபோனோம். பிளானோவிலிருந்து சுமார் 25 மைல். டெக்சாஸ் பேராசிரியருக்கு நானே மூன்று மின்னஞ்சல் எழுதினேன், பதில் இல்லை. எங்கள் புரொபசருக்கு ஐந்து. ஒன்றுக்கு மட்டும் பதில் வந்தது, கவனித்துக்கொண்டிருக்கிறோம் என்று. பிஎச்.டி. அதோடு போயிற்று. கிரீன் கார்டு வந்தபிறகு ஒரு கோர்ஸ் படித்து சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்குப் போனேன், இன்றைக்கும் அதுதான். பிறர் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதற்கு இப்போது எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், நானும் சில நாள் சிரிப்பேன்.

இனி, போகிறவர்களுக்கு. மூன்று நாள் தாராளமாகப் போதும். கைக்குழந்தை இருந்தால் நாலு நாள் வையுங்கள். ஜூன், ஜூலையில் பார்ஸ்டோவிலிருந்து கிங்மேன் வரையுள்ள பகுதியைப் பகல் பதினொன்றுக்குள் கடந்துவிடுவது நல்லது. நாங்கள் செய்தது முட்டாள்தனம். ஆளுக்கு ஒரு கேலன் தண்ணீர் காரில் இருக்கட்டும். க்ரூஸ் கன்ட்ரோல் இல்லாத காரென்றால் இரண்டு மணிக்கு ஒரு தரம் ஆள் மாற்றுங்கள், வீரம் காட்டாதீர்கள். ராயப்பனுக்கு வலது கால் சரியாக இரண்டு வாரம் ஆயிற்று.

டிபென்டன்ட் விசாவில் இருந்துகொண்டு எங்காவது சும்மா வேலை செய்கிற பெண்கள் இதைப் படித்தால், உங்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். கற்றுக்கொள்ளப் போங்கள், தப்பில்லை. ஆனால் வாய்வார்த்தையை நம்பாதீர்கள், மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்காதீர்கள், எழுதித் தேதி போட்டு வையுங்கள். மைக் எதிரே இருந்தால் மைக்கிலேயே பேசிவிடுங்கள். தனியாகச் சொன்னதற்குச் சாட்சி கிடையாது.

மாநாடு முடிந்து பத்து மாதம் கழித்து, 2001 ஏப்ரலில், கெவின் ஒரு கவர் அனுப்பினான். உள்ளே அந்த ஆராய்ச்சிப் பத்திரிகையின் ஒரு பக்கம், ஓரத்தில் பேனாவால் 'மன்னித்துக்கொள்' என்று எழுதியிருந்தது. அந்தக் கட்டுரைக்கான திருத்தக் குறிப்பு அது. மொத்தம் அரைப் பக்கம். இரண்டு வருடம் உழைத்தும் கட்டுரையில் எங்கேயும் வராத பெயர், அந்த அரைப் பக்கத்தில் முதல் வரியிலேயே இருந்தது: லேப்பில் தன்னார்வலராக இருந்த திருமதி ராயப்பன் படங்களுக்கு எண்ணிட்டதில் நேர்ந்த பிழையால் வலது காலும் இடது காலும் மாறிவிட்டன, வருந்துகிறோம். நின்றுகொண்டே இரண்டு தடவை படித்துவிட்டு ராயப்பனிடம் நீட்டினேன். மஞ்சள் தாளில் எழுதிக் கொடுத்த பெயர் எந்தச் சட்டைப்பையில் துவைந்து போனதோ தெரியாது. கால் அவருடையது, பெயரும் அவருடையது. தப்பு மட்டும் என்னுடையதாம்.